செரீங்கக்கா வீட்டுப் பலாமரம்

எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளித் தொண்டுக் குழுவில் அவளும் உண்டு. குழுவுக்குப் பொறுப்பு டீச்சர் நான். போன வாரம் பிள்ளைகளை உட்காரவைத்து, யார் அங்கன்வாடிக்குக் கதை சொல்லப் போகிறீர்கள், யார் பஸ் ஸ்டாப்பைக் கூட்டப் போகிறீர்கள் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தூசி ஆகாது. வருஷம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பாள். என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றுதான், "நீ பஸ் ஸ்டாப் கூட்டறியா?" என்று கேட்டேன்.

"செரீங்க டீச்சர்."

"தூசி ஒத்துக்காதுன்னு உனக்கே தெரியுமில்ல? அப்புறம் எதுக்குச் செரீங்கறே? முடியாதுன்னா முடியாதுங்க டீச்சர்னு வாயத் தொறந்து சொல்லோணும். புரிஞ்சுதா?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "செரீங்க டீச்சர்" என்றாள்.

மற்ற பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன். அதே வார்த்தையை அதே இழுப்போடு சொல்லும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் வைத்திருந்த தொண்டுக் குறிப்பேட்டில் "பயனாளி கையெழுத்து" என்ற கட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அவரே எழுதியிருக்கிறார். பேனாவை விறகுக் குச்சிபோல இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வரைவார். முடித்ததும் நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார். ஆனால் நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாளே எங்களில் ஒருவன் "செரீங்கக்கா" என்று வைத்துவிட்டான். அதைக் கேட்டபோதும் அவர் சிரித்துக்கொண்டே "செரீங்க கண்ணு" என்றுதான் சொன்னார்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற டவுன் பஸ் கடைசியாகத் திரும்பும் ஊர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே காலனி. காலனியில் கடைசி வீடு அவருடையது. அதற்கப்புறம் ஒரு பாக்குத் தோப்பு, அதற்கப்புறம் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, மண் சுவர். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். களை எடுக்க, பாக்குப் பொறுக்க, தேங்காய் சுமக்க என்று சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் வேலைக்குப் போவார். எங்கள் தோட்டத்துக்கும் வருவார். என் அப்பாவைப் "பண்ணாடி" என்பார், தோட்டத்துச் சொந்தக்காரர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை "அம்மணி" என்பார். பத்து வயதுப் பெண்ணான என்னிடம் "வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி" என்று அவர் சொல்வதில் எனக்கு அப்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு அறிவியல் சார் வந்தார். கழுத்தில் விசில் தொங்கும். கை கால் சும்மா இருக்காது அவருக்கு. தொண்டுக் குழு ஆரம்பித்தது அவர்தான். ஆறாம் வகுப்பில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, நீல ரிப்பன் பேட்ஜ் குத்தி, என்னைத் தலைவி ஆக்கினார். பேட்ஜைக் கழற்றாமல் நான் தூங்கியிருக்கிறேன். "நம்ம ஊர்ல யாருக்கு உதவி தேவைப்படுது?" என்று சார் கேட்டபோது, தனியாக இருக்கும் அக்காவைத்தான் நாங்கள் சொன்னோம். சார் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், "இனிமேல் சனிக்கிழமை காலைல குழந்தைங்க வந்து உங்களுக்கு உதவி செய்வாங்கம்மா" என்றார்.

"செரீங்க சார்."

வேண்டுமா என்று சார் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சனிக்கிழமை அவருக்கு வேலை நாள். எங்களிடம் உதவி வாங்கிக்கொள்வதற்காக அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். "சனிக்கெழமையானா அவ எங்கயோ மாயமாப் போயர்றா" என்று அப்பா சலித்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் செய்த உதவிகளைச் சொல்லட்டுமா? முதல் சனிக்கிழமை வாசலைச் சுத்தம் செய்தோம். சீமாறு எடுத்துக்கொண்டு புழுதி பறக்கக் கூட்டினோம். வீட்டு ஓரத்தில் பாக்கு மட்டையும் தென்னம்பாளையும் ஒரு குவியலாகக் கிடந்தது. அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் ஓடைப் பள்ளத்தில் கொட்டினோம். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை போனால் அதே குவியல் அதே இடத்தில் இருந்தது. "பாருங்க சார், எத்தனை சுத்தம் பண்ணாலும் மறுபடி குப்பை போட்டு வெச்சிருக்காங்க" என்று நான் தலைவி தோரணையில் புகார் சொன்னேன். மறுபடி அள்ளிக் கொட்டினோம். அது அவர் அடுப்புக்குச் சேர்த்து வைத்த விறகு. மூன்றாவது வாரம் அந்தக் குவியலை வீட்டுக்குள்ளே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"அத்தன ஆசையாக் கூட்டறீங்க. எப்படிங்க அம்மணி சொல்றது" என்றார்.

இன்னொரு வாரம் அவர் வீட்டுச் சுவரில் விழிப்புணர்வு வாசகம் எழுதினோம். சாலையைப் பார்த்த சுவர் அது ஒன்றுதான். பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் மங்காமல் இருந்தது. நீலப் பெயிண்டில் "பசுமை நம் உயிர்" என்று முறைவைத்து ஆளுக்கு ஓரெழுத்தாக எழுதினோம். முதல் வார்த்தையை யானைத் தண்டிக்கு எழுதியதில் இடம் போதாமல் கடைசி எழுத்து கதவு நிலையின்மேல் ஏறிவிட்டது. கீழே பெயிண்ட் வழிந்தது. எங்களுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. "நல்லாருக்குதுங்களா அக்கா?" என்று கேட்டான் ஒருவன். "ரொம்ப நல்லாருக்குதுங்க கண்ணு. இருட்டுல வந்தாக்கூட எங்கூடு எதுன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

இருட்டு என்றதும்தான் அதையும் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் எங்களிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். என் பக்கத்தில் வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "ஏனுங்க அம்மணி, இந்தக் கம்பத்துல லைட்டு எரிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. பொழுது சாஞ்சா வெளிய வரப் பயமா இருக்குது. காட்டுக்குள்ளாருந்து எது வந்து நின்னாலும் தெரியறதில்ல. பண்ணாடிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா பஞ்சாயத்துல போட்டுருவாங்க" என்றார்.

நான் சாரிடம் சொன்னேன். தூய்மைப் பணி, மரம் நடுதல், முதியோருக்கு உதவி, விழிப்புணர்வு என்று சாரிடம் ஒரு பட்டியல் இருந்தது. "லைட் நம்ம லிஸ்ட்ல இல்லையேம்மா. அது பஞ்சாயத்து பாத்துக்கும்" என்றார் சார். அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போனதும் மறந்துவிட்டேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஒன்று மட்டும் அவர் எங்களுக்குச் செய்யமாட்டார். குடிக்கத் தண்ணீர் தரமாட்டார். நாங்கள் வெயிலில் வியர்த்துக் கொட்டி நிற்போம், அவர் வீட்டு மண்பானை வாசலில் இருந்தே தெரியும், ஆனாலும் "தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டதே இல்லை. எனக்கு அம்மா தனியாகப் பாட்டிலில் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். "அங்கெல்லாம் எதுவும் வாங்கிக் குடிக்காதே" என்று சொல்லியும் அனுப்புவாள். அந்தப் பாட்டில் என் தோளில் தொங்குவதை அவர் முதல் நாளே பார்த்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நான் அவரைக் கொஞ்சம் கவனிப்பு இல்லாதவர் என்று நினைத்தேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடி மாதம் மரம் நட்டோம். நர்சரியில் இருந்து ஒரு வண்டி நிறையக் கன்று வந்தது. வேம்பும் புங்கனும் பள்ளிக்கும் சாலைக்கும் போய்விட, கடைசியில் ஆறு கன்று மிஞ்சியது. ஆறும் ஒட்டுப் பலா. "ஆறு பேர், ஆறு கன்று! அக்கா வீட்டைச் சுத்தி வெச்சிடலாம்" என்று சாருக்கு ஒரே குஷி. ஒவ்வொருவர் பெயரையும் தகரத்தில் அவரே அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

சார் தாராபுரத்துக்காரர். அவர் யானையைக் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்லாமல் போனால் இதை எழுதுவதே வீண். எங்கள் தோட்டத்து வீட்டின் முன்னால் பெரிய பலா ஒன்று நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, பழ வாசத்துக்கு வந்த யானை இரும்பு கேட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, பழத்தைத் தின்றுவிட்டுப் போனது. அந்த வாரமே அப்பா மரத்தை வேரோடு வெட்டச் சொன்னார். வெட்டிப்போட்ட கிளைகளை இழுத்துக்கொண்டு போனவர்களில் செரீங்கக்காவும் ஒருவர். நான் அந்த இலைகளைக் கோத்துத் தலையில் வைத்துக்கொண்டு ராணி விளையாட்டு விளையாடினேன். மலையோரத்தில் வீட்டுப் பக்கம் பலா வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கன்றுகளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஏனுங்க சார், பலாவுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, நல்ல ஜாதி. நாலஞ்சு வருஷத்துல காய்ச்சுத் தள்ளும். நீங்க பழமாத் தின்னு தீர்க்கலாம்!"

அவர் மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் பெயர் எழுதிய தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்காகத் தலையை வாரி ரிப்பன் கட்டி நின்றிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரீங்க சார்" என்றார் அவர்.

"என்னம்மா லீடர், ஆரம்பிக்கலாமா?" என்று சார் என்னைக் கேட்டார்.

"சரிங்க சார்" என்றேன் நானும்.

குழி தோண்ட அவர்தான் கடப்பாரை கொடுத்தார். எங்களுக்குத் தூக்க முடியவில்லை என்று கடைசியில் அவரே ஆறு குழியும் தோண்டினார்.

ஆறில் மூன்றை ஆடு தின்றது. இரண்டு அடுத்த கோடையில் காய்ந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி நட்ட என்னுடையது மட்டும் பிழைத்தது. ஓடையில் இருந்து குடத்தில் தண்ணீர் மோந்துவந்து ஊற்றியிருக்கிறார். சார் மாற்றலாகிப் போனார், தொண்டுக் குழுவும் போயிற்று. நான் மேல்நிலைப் பள்ளிக்குத் தொண்டாமுத்தூர் போனேன், பிறகு கல்லூரிக்குக் கோயமுத்தூர். லீவுக்கு வரும்போது காலனிப் பக்கம் போனால் அவர் ஓடிவருவார். "அம்மணி மரம் எத்தன ஒசரம் போயிருச்சு பாருங்க!" என்பார். அதற்கு அவர் வைத்த பெயரே அம்மணி மரம்தான். தகரம் துருப்பிடித்து என் பெயர் அழிந்துபோன பிறகும் அதை மரத்தில் இருந்து கழற்றவில்லை.

"காய் வெச்சுதாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்.

"இன்னும் காய்க்கலீங்க அம்மணி. மலட்டு மரமாட்ட இருக்குது" என்பார்.

அப்பாடா என்றிருக்கும். என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நிம்மதியாகப் பஸ் ஏறுவேன். வருஷா வருஷம் மாசி, பங்குனியில் எங்கள் வீட்டில் பலாப்பிஞ்சுப் பொரியல் இருக்கும். தேங்காய்த் துருவல் போட்டு அம்மா பிரமாதமாகச் செய்வாள். எங்கே வாங்கினாய் என்றால் சந்தையில் என்பாள். நானும் இரண்டு முறை போட்டுச் சாப்பிடுவேன்.

படித்து முடித்து டவுனில் ஒரு பள்ளியில் டீச்சர் ஆனேன். தொண்டுக் குழுவை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். போன வருஷம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. முகம் வற்றியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"வழுக்கி உழுந்துபோட்டனுங்க. அது கெடக்குது. அம்மணி, நீங்க இப்ப டீச்சராமா? உங்க புள்ளைங்களும் ஊரு வேலையெல்லாம் செய்றாங்களாமா?"

"ஆமாங்க்கா."

"ஒரு நாலு பெரிய பசங்களக் கூட்டியார முடியுங்களா? ஒரு நாளைக்குத்தான்."

பதினைந்து வருஷத்தில் அவர் கேட்ட இரண்டாவது உதவி அது. "எதுக்குக்கா?" என்றேன்.

"நம்ம மரத்து மேல சித்த ஏறோணுங்க. எனக்குத்தான் கை இப்படி ஆயிப்போச்சு."

"ஐயோ, பசங்கள மரமேறவெல்லாம் கூட்டிட்டு வர முடியாதுக்கா. இப்பெல்லாம் பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கோணும், ஹெட்மிஸ்ட்ரஸ் விடமாட்டாங்க" என்றேன். எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பஸ் திரும்பி வந்து நின்றுவிட்டது.

"செரீங்க அம்மணி. பாத்துப் போங்க" என்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினேன்.

வைகாசியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். யானை நடமாட்டம் சொல்வதற்கென்று எங்கள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரு போட்டோ வந்தது. விடிகாலையில் ஒற்றை யானை காலனிக்குள் வந்து ஒரு வீட்டை இடித்துவிட்டது, ஒரு பெண்ணுக்குப் பலத்த காயம் என்று கீழே எழுதியிருந்தார்கள். பெயர் போடவில்லை. போட்டோவில் மண்ணும் ஓடுமாகக் கிடந்த குவியலின்மேல் சுவரின் ஒரு பெரிய பாளம் மல்லாந்து கிடந்தது. அதில் நீல எழுத்தில் "பசுமை" என்று இருந்தது. பக்கத்தில் பிளந்த பலாப்பழம் ஒன்று.

அம்மாவுக்கு போன் போட்டேன். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அது மலட்டு மரமில்ல சாமி. எட்டு வருசமாக் காய்க்குது. ஒரு காயக்கூட அவ பழுக்க உட்டதில்ல. பிஞ்சுலயே அத்தனையும் ஏறி அறுத்துப்போடுவா. நாம திங்கற பொரியலே அந்த மரத்துதான். உன்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா. வெசனப்படுவியாமா. இந்த வருசம் முதக் காய் அறுக்கறப்பவே உழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா. கைக்கு எட்டுனதெல்லாம் எடக்கையிலயே அறுத்திருக்கறா. உச்சில ஓட்டுக்கு மேல நின்னது ஒண்ணு மட்டும் தப்பிப்போச்சு."

"மரத்த வெட்டியிருக்கலாமில்லம்மா!" என்று கத்தினேன்.

"பாரஸ்ட் வாட்சர் வந்து எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தாரு. உங்கப்பாவும் சொன்னாரு. என்ன சொன்னாலும் செரீங்கறவ, அதுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிப்போட்டா. 'புள்ளைங்க வெச்ச மரமுங்க, நான் வெட்டமாட்டனுங்க'ன்னு ஒரே புடியா நின்னா."

அவர் வாழ்க்கையில் முடியாது என்று சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதையும் எதற்காகப் போய்ச் சொன்னார் பாருங்கள். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பள்ளிக்குப் போய் மூன்று பீரியட் பாடம் நடத்தினேன். நான்காவது பீரியட்டில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

சுவர் இடுப்பின்மேல் விழுந்திருந்தது. உயிர் பிழைத்தார், எழுந்து நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து மகள் நேராகக் காங்கேயத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஐப்பசியில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்னால் ஆவணியில் ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன்.

மகளுக்குத் தேங்காய் உலர்த்தும் களத்தில் வேலை. களத்தை ஒட்டியே வீடு. தெரு முழுக்கக் கொப்பரை வாசம். அக்கா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "வாங்க அம்மணி. இத்தன தூரம் எதுக்குங்க வந்தீங்க" என்றார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மரத்த வெட்டிப்போட்டாங்களா?"

"வெட்டிட்டாங்கக்கா."

கூரையைப் பார்த்தார். "லைட்டு?" என்றார்.

"போட்டுட்டாங்க. யானை வந்த மறுநாளே போட்டுட்டாங்க. வெள்ளை லைட்டு. ஓடை வரைக்கும் தெரியுது."

"அப்படிங்களா!" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சுங்க. பக்கத்தூட்டுப் புள்ளைங்கெல்லாம் பயமில்லாம இருக்கும்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றேன். "பலா வெச்சா யானை வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் சும்மா நின்னேன். பேட்ஜு, போட்டோன்னு இருந்துட்டேன். என்னாலதான்க்கா உங்களுக்கு இப்படி ஆச்சு."

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஒடிந்து கூடிய கை. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமுங்க அம்மணி. உங்கூட்டுப் பலாவ வெட்டறப்ப நானுந்தானே கெளைய இழுத்துப் போட்டேன். நீங்க எலையத் தலைல வெச்சுக்கிட்டு ஆடிட்டிருந்தீங்க."

"அப்புறம் ஏன்க்கா நீங்க ஒரு வார்த்தை சொல்லல? வேண்டாம்னு சார்கிட்டச் சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாரே."

"நான் எப்படிங்க சார்கிட்டப் போயி வேண்டாம்னு சொல்றது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு என் கையை மெல்லத் தட்டிக்கொண்டே, "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க" என்றார்.

வெளியே களத்தில் யாரோ கொப்பரையை வாரித் தள்ளும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.

மகள் உள்ளே இருந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் தோளில் தொங்கிய தண்ணீர்ப் பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு கேட்டாள்.

"டீ வெச்சா குடிப்பீங்களாங்க?"

"செரீங்க" என்றேன்.